முன்கூட்டியே குணமானவர்கள்

வெண்கோட்டூர் நாட்டில் யாரும் நோயாளியாகச் செத்ததில்லை. அதற்கு அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நோயாளியின் சொந்தக்காரர் வைத்தியசாலை வாசலில் நின்று "குணமாச்சு!" என்று ஊர் கேட்கக் கூவி, அரண்மனை வைத்தியருக்கு மாலை போட வேண்டும். அப்புறம்தான் வைத்தியம். நன்றியை முதலிலேயே வாங்கிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது என்பது அரசரின் தீர்க்கதரிசனம்.

வண்டியோட்டி மாசிலாமணிக்கு வலது கண்ணில் புரை. அவன் மனைவி செங்கமலம் முறைப்படி கூவினாள், மாலையும் போட்டாள். வைத்தியர் இடது கண்ணை அறுத்தார். அது நன்றாக இருந்த கண். அது இருண்டுபோனது. புரை விழுந்த கண்ணும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அலைந்தாள் செங்கமலம். நேரே சபைக்கு, நலத்துறை அமைச்சரிடம் போனாள்.

"ஐயா, கண்ணு மாறிப்போச்சுங்க. நடந்தது தப்புன்னு ஒத்துக்கிட்டு, மிச்சக் கண்ணையாவது வேற எடத்துல காட்ட விடுங்க."

"அம்மணி, குணமாகிவிட்டதாகக் கூவியது யார்?"

"நாந்தாங்க. கூவலேன்னா உள்ள விட மாட்டீங்களே!"

"ஆக, வைத்தியத்துக்கு முன்பே அவர் குணமடைந்துவிட்டார். குணமடைந்தவருக்கு வைத்தியர் எவ்வாறு தீங்கு செய்திருக்க இயலும்?"

சபை கைதட்டியது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி வைத்தியர்மேல் இன்னொரு வைத்தியர்தான் சாட்சி சொல்லலாம் என்று அன்றே ஆணை பிறந்தது. நாட்டின் வைத்தியர்களெல்லாம் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். அப்படியும் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பார்ப்பதால்தானே புகார் வருகிறது என்று, சொந்தக்காரர்களை மதிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கேட்க ஆளில்லாமல் போகவே உள்ளே கை மாறியது, கால் மாறியது, பிரசவ அறையில் பிள்ளைகூட மாறியது. கடைசியாக, புகார் சொல்வதே ஒரு நோய் என்று சட்டம் வந்தது. புகார் சொன்னவரை அதே வைத்தியரிடம் சேர்த்துவிட வேண்டும். சிகிச்சை நாக்கில்.

அதன்பிறகு ஒரு புகாரும் இல்லை. அந்தச் சாதனையைச் சொல்லியே அமைச்சர் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்.

அந்தச் சட்டம் வந்த இரவே, காவலர்கள் தேடி வருமுன் செங்கமலம் புருஷனை வண்டியில் ஏற்றி, தானே மாட்டை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டினாள்.

"உன் மொகமே கலங்கலாத்தான் தெரியுது, புள்ள."

"பேசாம வாங்க. போய்ச் சேந்துரலாம்."

பக்கத்து நாட்டு வைத்தியசாலையில் யாரும் மாலை கேட்கவில்லை. "எந்தக் கண்ணு?" என்றுதான் கேட்டார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வரிசையில் அவர்களுக்கு முன்னால் போர்வையால் முக்காடிட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்வை சரிந்தது. அவர்களுடைய அமைச்சர்! இடது புருவத்துக்கு மேலே கரியால் 'இதைத் தொடாதே' என்று எழுதியிருந்தது.

"ஐயா, நீங்களா! இது என்னங்க நெத்தியில?"

அமைச்சர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம அரண்மனை வைத்தியர்தாம்மா எழுதிக்கச் சொன்னார். மெதுவாப் பேசு, அவர் உள்ளதான் இருக்கார். அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, ரொம்ப வருஷமா."