திடலில் ஊர் கேட்ட விவகாரம்

சுங்கை பினாங்,
ஞாயிறு காலை.

பெருமதிப்புக்குரிய தியாகராஜா அத்தானுக்கு,

மைத்துனன் அப்புத்துரை பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ஞானாம்பிகையும் முழங்கால்களைத் தவிர மற்றபடி நலம். நீங்களும் கனகேஸ்வரி அக்காவும் நேற்று மாலை வானொலியில் ஆட்ட வர்ணனை கேட்கும்வரை சிரம்பானில் நலமாகவே இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் பேசினீர்கள். பேசினீர்கள் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். "என்ட மகனை வெளிய கூப்பிட உமக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதையும் நீங்கள் பாதியில் கீழே வைக்கலாம். ஆனாலும் அது மேசையிலேயே கிடக்கும், அக்கா எடுத்துப் படிப்பா.

அதிகாரம் யார் தந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான் வீட்டில் சும்மா இருந்தபோது, ஞானாம்பிகை என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், எங்கேயாவது போய்த் தொலையுங்கோ என்று சொன்ன அதே வாரத்தில்தான் உங்கள் மகன் குகதாசன் இங்குள்ள கால்பந்துக் கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆட வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினான். கழகத்துக்கு முதலுதவிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, எனக்கு வீட்டைவிட்டுப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. வாளி, பஞ்சு, ஐஸ், கொஞ்சம் தைலம், இவ்வளவுதான் என் இலாகா. காலில் அடிபட்டால் தண்ணீர் தெளிப்பேன், முதுகில் அடிபட்டாலும் அதே தண்ணீர்தான். யாருக்கும் இதுவரை குறை இல்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரன் தொடர்ந்து ஆடலாமா கூடாதா என்று சொல்லும் பொறுப்பையும் பயிற்சியாளர் கமால் என் தலையில்தான் வைத்தார். அப்போது நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

நேற்றைய ஆட்டம் இரண்டு ஆட்டமாக நடக்கும் அரையிறுதியின் முதல் சுற்று என்பது உங்களுக்குத் தெரியும். தேசிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் மேடையில் வந்து உட்கார்ந்திருந்ததும் தெரியும், ஏனென்றால் அதை அக்காவுக்கு முதலில் சொன்னவனே நான்தான். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். குகன் மலைபோல நடுவில் நின்று, வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது எதிரணிக்கு மூலைப் பந்து கிடைத்தது. இவனும் அவர்களுடைய நெட்டையனும் ஒன்றாக எம்பினார்கள். இரண்டு தலையும் மோதிய சத்தம் பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது, அத்தான். இளநீர் வெட்டுகிற சத்தம். அந்த நெட்டையன் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டான். நம் பிள்ளை விழுந்து கிடந்தான். நான் வாளியோடு ஓடினேன். ஓடினேன் என்பதும் மரியாதைக்காகத்தான்.

நான் போய்ச் சேருவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நடுவரின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி வேறு சொன்னான். அத்தான், உங்கள் மகன் எந்த நடுவருக்காவது நன்றி சொல்லி நீங்கள் கண்டதுண்டா? உடனே என் பரீட்சையை ஆரம்பித்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலமெல்லாம் மரத்திலிருந்து விழுந்தவன், லாரியில் அடிபட்டவன் எல்லாரிடமும் நான் கேட்டது பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்த ஊர் என்பதுதான். பேச்சு மூச்சு இருந்தவன் எவனும் சொந்த ஊரைத் தவறவிட்டதில்லை. தாலுகா, பக்கத்துக் கோயில் எல்லாம் சேர்த்தே சொல்வான். நம் யாழ்ப்பாணத்தவர்களைக் கேட்கவே வேண்டாம், பெயரைச் சொல்வதற்கு முன்பே ஊரைச் சொல்லிவிடுவோம்.

பெயர் கேட்டேன், சரியாகச் சொன்னான். அப்பா பெயர் கேட்டேன், உங்கள் பெயரைச் சொன்னான். எந்த ஊர் என்று கேட்டேன்.

"சிரம்பான்."

"சிரம்பான் இல்ல தம்பி, உன்ட அப்பாட சொந்த ஊர்."

"சிரம்பான்தான் மாமா. வேற எங்க?"

"யாழ்ப்பாணத்தில எந்த இடம்?"

"யாழ்ப்பாணத்துக்கு நான் போனதே இல்லையே லா, மாமா!"

உங்கள் காரைநகர் என்ற ஐந்தெழுத்து அவன் வாயில் வரவே இல்லை. பிறந்த ஊரும் பூர்வீக ஊரும் குழம்பிவிட்டன, மூளை கலங்கிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். கையைத் தூக்கி, ஆளை மாற்றச் சொல்லி கமாலுக்குச் சைகை காட்டினேன். கமால் கோட்டோரம் நின்று, மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேரையும் ஏற்கெனவே இறக்கியாயிற்று, இவன் வெளியே வந்தால் பத்துப் பேர்தான் என்று கத்தினார். பிறகு, அவன் என்ன தப்பாகச் சொன்னான் என்று கேட்டார்.

"சொந்த ஊர் சிரம்பான்னு சொல்றான்!"

"பெத்துல் லா, சரிதானே! அவன் சிரம்பான் ஆளுதானே!"

கமாலுக்குக் காரைநகர் எங்கே இருக்கிறது என்று திடலின் நடுவில் நின்று விளக்க முடியுமா? நடுவரிடம் போய், ஐயா, தலையில் அடிபட்டவனுக்கு மட்டும் கணக்கில் சேராமல் ஒரு மாற்று ஆளை இறக்க விட்டால் என்ன, பத்து நிமிடம் அவனை ஓரமாக உட்கார வைத்துப் பார்க்க விட்டால் என்ன என்று மன்றாடினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்படி ஒரு சட்டம் வந்தா, தோக்குற டீம் முழுக்கத் தலையைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துடும், அங்கிள்" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் நான் குகனின் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே அழைத்து வந்துவிட்டேன். அவனும் கோவிலுக்குப் போகிற பிள்ளைபோல என்கூட வந்தான். அடுத்த மூலைப் பந்தில், அவன் நிற்க வேண்டிய அதே இடத்தில் நின்று, அந்த நெட்டையன் கோலைப் போட்டதைத்தான் நீங்கள் வானொலியில் கேட்டீர்கள். மேடையில் இருந்த தேர்வாளர்கள் எழுந்து போனதை வானொலிக்காரன் சொன்னானோ என்னவோ, நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது, அத்தான். பிள்ளை இத்தனை வருடம் ஓடி உழைத்தது அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் பார்க்கத்தானே.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் தபால்காரன் தூக்கமாட்டான். வெளியே வரும்போது யாரோ ஐஸ் தண்ணீர்ப் பையை என்மேல் எறிந்தான், அது குறி தவறாமல் விழுந்தது, எங்கள் அணிக்காரன் ஒருவனுக்காவது அந்தக் குறி இருந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் குகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்று காஜா மொய்தீனின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நிறுத்தினேன். காஜா கழகத்தின் முதல் ரசிகர். கடையில் எங்கள் அணியின் படத்துக்குக் கீழேதான் அவர் குடும்பப் படம் மாட்டியிருக்கும். மீன் தலைக் கறி இருக்கிறதா என்று நான் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடை முழுவதும் கேட்கும்படி, "தலை இருக்கு அண்ணே. எந்த ஊருன்னு அதுகிட்டயும் கேட்டுட்டுக் கொண்டு போங்க" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் புரை ஏறியது. விஷயம் திடலிலிருந்து கடைக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

வீட்டில் ஞானாம்பிகை இருக்கிறாளே, அவள் விடுவாளா? "அந்தப் பிள்ளைக்கு ஊர் பேர் ஆர் சொல்லிக் குடுத்தது? அத்தான் சொன்னவரா, நீங்கள் சொன்னீங்களா? தெரியாததைக் கேட்டுப்போட்டு மூளை பிசகெண்டு சொன்னா எப்படி?" என்று கேட்டாள். அதோடு நிறுத்தினாளா? "எங்கட அம்மா எந்த ஊர், சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். நான் புங்குடுதீவு என்றேன். அது அவள் அப்பாவின் ஊராம், அம்மா வேலணையாம். "டிரஸர் ஐயாவையும் வெளிய எடுங்கோ, தலையில அடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. குகனும் சேர்ந்து சிரித்தான். சாப்பிடும்போது "எத்தனை கோல் மாமா?" என்று கேட்டான். ஒன்றுக்கு ஒன்று என்றேன். சோறு முடியுமுன் மறுபடியும் அதையே கேட்டான். கைகழுவும்போது இன்னொரு தரம் கேட்டான். ஞானாம்பிகை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நல்ல பிள்ளை, நேராகத் திட்டாமல் இப்படிக் குத்திக்காட்டுகிறான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே அத்தான், எல்லாம் என் பிழை. என் பரீட்சை பிழை. காரைநகரைத் தெரியாதவன் எல்லாம் மூளை கலங்கியவன் என்றால் இந்தப் பினாங்கில் வாகனம் ஓட்ட ஓர் ஆள் மிஞ்சமாட்டான். கமால் இன்று காலையில் போன் செய்து, நான் வாளியை ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், வருகிற சனிக்கிழமை இரண்டாம் சுற்றில் குகன் முதல் நிமிடத்திலிருந்தே ஆடுவான் என்றும் சொல்லிவிட்டார். தேர்வாளர்கள் மறுபடியும் வருகிறார்களாம். நானும் சரி என்றேன். நீங்களும் அக்காவும் பஸ் ஏறி வாருங்கள். நான் வாளி இல்லாமல், வாயைத் திறக்காமல், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவேன். என்னை மன்னித்து, அடுத்த முறை போன் செய்யும்போது நான் "ஹலோ" சொல்லும்வரையாவது பொறுத்தருள வேண்டும்.

அக்காவின் இரத்த அழுத்தமும் உங்கள் கோபமும் ஒருசேர இறங்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் அடங்கிய மைத்துனன்,
அப்புத்துரை

பின்குறிப்பு: மேலே எழுதிய மன்னிப்பைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். தபால்தலையை ஒட்டிக்கொண்டிருந்தபோது குகன் அறையிலிருந்து வந்தான். ஜெர்சி, முட்டிவரை காலுறை, பூட்ஸ், எல்லாம் போட்டுத் தலைவாரி இருந்தான். "மாமா, டீம் பஸ் வந்துருச்சா? செமி ஃபைனலுக்கு லேட்டாப் போனா கோச் கத்துவாரு லா" என்றான். ஞானாம்பிகை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது தம்பி என்றேன். "சும்மா இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அவளுக்கும் சிரிப்பு நின்றது. நேற்று ராத்திரி அவன் குத்திக்காட்டவில்லை, அத்தான். நிஜமாகவே கேட்டிருக்கிறான். அது தெரியாமல் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

காஜா மொய்தீனுக்குப் போன் செய்தேன். கடையில் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் காரோடு வந்தார். வழியெல்லாம் அழுதார், மீன் தலை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படாதீர்கள், இரத்தக் கசிவு ஒன்றும் இல்லை, மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நேற்றே வெளியே கொண்டுவந்தது நல்லதாயிற்று, அதோடு இன்னொரு பந்தைத் தலையால் முட்டியிருந்தால் என்று சொல்லிவிட்டு டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. மத்தியானம் போல இன்று ஞாயிறு என்று அவனாகவே கண்டுபிடித்துவிட்டான், இப்போது பசிக்கிறதாம். ஞானாம்பிகை புட்டு அவிக்கிறாள்.

டாக்டர் சொல்லும்வரை அவன் பந்தைத் தொடமாட்டான். வருகிற சனிக்கிழமை நிச்சயமாக ஆடமாட்டான். கமாலிடம் சொல்லிவிட்டேன், வாளியைத் திருப்பித் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். தேர்வாளர்கள் வந்தால் வரட்டும், பிள்ளை இருந்தால் அவர்கள் அடுத்த வருடமும் வந்து பார்க்கலாம். நீங்கள் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், முழுவதும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். அவன் பெஞ்சில்தான் இருப்பான். மூலைப் பந்து வரும்போதெல்லாம் எழுந்து ஓடப் பார்ப்பான், எனக்குத் தெரியும். ஒரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன், மற்றக் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.