தடைவிதிப்பாளர் கேக் வெட்டுகிறார்

வாஷிங்டனில் பதினேழாம் தெருப் பக்கம் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் போய் நில்லுங்கள். கழுத்தில் அடையாள அட்டை ஆட, கையில் சாலட் டப்பாவோடு, பாதி உலகத்தை முடக்கிவிட்டு மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முகத்தோடு ஒருவர் வருவார். அவர்தான் தடைவிதிப்பாளர். அந்த அட்டையை அவர் சூப்பர் மார்க்கெட்டிலும் கழற்ற மாட்டார், தேவாலயத்திலும் கழற்ற மாட்டார். குளிக்கும்போது? தெரியாது. பத்தொன்பது வருடமாக அவருடைய கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கிற எனக்கே அந்த அளவுக்கு அனுமதி கிடையாது.

வேலை என்ன என்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து நம் கம்பெனிகளின் தொழில் ரகசியத்தைச் சுருட்டுகிறவர்களைப் பட்டியலில் ஏற்றுவது. ஏற்றிவிட்டால் அவர்களோடு அமெரிக்காவில் ஒருவரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல ஆயுதம்தான். எடுத்து வீச ஆள் வேண்டுமே!

எங்கள் தடைவிதிப்பாளரின் பெயர் லண்ட்கிரென். அவரைத் தேடி ஒரு ஜூன் மாதம் விஸ்கான்சினிலிருந்து வெர்னா கிளிங்கர் என்ற அம்மாள் வந்தார். பால் கறக்கும் எந்திரத்துக்கு ரப்பர் குவளை செய்கிறவர். மாட்டுக்கு வலிக்காத ரப்பர். அந்தக் கலவைக்காக அவர் செலவிட்டது ஒன்பது வருடம். அதை ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரிலிருந்து உருவிக்கொண்டு போய், தங்கக் கொக்கு ரப்பர் என்ற வெளிநாட்டுக் கம்பெனி பாதி விலைக்கு விற்கத் தயாராகிவிட்டது.

"அக்டோபர்ல மாடிசன்ல பால்பண்ணைச் சந்தை சார். வருஷத்து ஆர்டரெல்லாம் அங்கதான். அதுக்குள்ள அவன நிறுத்திருங்க. இல்லேன்னா நாப்பத்தொரு பேரு வேலை போயிரும்."

"கவலையே படாதீங்க மேடம். சிக்னல் அனுப்பிருவோம்."

சிக்னல்! தடைவிதிப்பாளரின் உயிர்மூச்சு அது. யாரையும் பிடிப்பது அவர் நோக்கமல்ல. பிடிக்கப் போகிறோம் என்று தெரிவிப்பதுதான் நோக்கம்.

கூட்டங்கள் தொடங்கின. பதினோரு பேர் தங்கள் கைபேசிகளை வெளியே சின்ன மரப் பெட்டிகளில் வைத்துவிட்டு, ஜன்னல் இல்லாத அறைக்குள் போய், திருடன் இருக்கும் நாட்டின் பெயரை மறந்தும் சொல்லாமல் "அந்த நாடு", "அந்த நாடு" என்று மாமியார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகளைப் போல நெளிந்தார்கள். அறிக்கையில் "கவலை" என்று போடுவதா, "ஆழ்ந்த கவலை" என்று போடுவதா? அதற்கு மூன்று வாரம்.

"'ஆழ்ந்த'ன்னு போட்டா அவங்க கோவிச்சுக்குவாங்கய்யா!" என்றார் வெளியுறவுக்காரர்.

"திருடுனவன் கோவிச்சுக்கக் கூடாதா? நல்லா இருக்கே நியாயம்!" என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன். குறிப்பெடுப்பவருக்கு வாய் கிடையாது.

கடைசியில் "கணிசமான கவலை" ஜெயித்தது. ஆகஸ்டில், தங்கக் கொக்கைப் பட்டியலில் ஏற்ற உத்தேசித்திருக்கிறோம் என்று முன்னறிவிப்பு வெளியானது. உத்தேசம்! திருடன் வீட்டுக் கதவைத் தட்டி, அடுத்த மாதம் வருகிறோம், வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டு வருவது எங்கள் வழக்கம்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை தடை கையெழுத்தாயிற்று. அன்று கேக். தடை விழுந்தால் கேக் வெட்டுவது எங்கள் அலுவலகச் சம்பிரதாயம். தடைபட்டவன் பெயரை நீல க்ரீமில் எழுதி, சின்னத்தையும் வரைந்து, விதித்தவரே வெட்டுவார். லண்ட்கிரென் கொக்கின் கழுத்திலேயே கத்தியை வைத்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

பத்து நாள் கழித்து மாடிசனிலிருந்து போன் வந்தது.

"சார், எனக்கு நேர் எதிர்க்க கடை போட்டுருக்கான் சார்!"

"இருக்காது மேடம். தங்கக் கொக்கு உள்ள நுழையவே முடியாது."

"இது வெள்ளிக் கொக்கு சார். ஆகஸ்ட்லயே பேர மாத்திட்டானாம். அதே குவளை, அதே ஆளு. என்னப் பாத்துக் கையாட்டுறான்!"

லண்ட்கிரென் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாடுமென்றா நினைத்தீர்கள்? மலர்ந்தது!

"அருமை! அதையும் ஏத்திரலாம். நாலே மாசம்!"

"நாலு மாசமா? இந்த நாப்பத்தொரு பேருக்கு நான் இன்னிக்கு என்ன சொல்ல?"

"சிக்னல் போயிருச்சுன்னு சொல்லுங்க."

"எங்க ஊரு மாடுகூட உங்க சிக்னலுக்குத் திரும்பிப் பாக்காது சார்," என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். அந்த வாரமே அவருடைய தொழிற்சாலையில் பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. லண்ட்கிரெனுக்குப் பதவி உயர்வு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். மூன்று வருடத்துக்கு முன் கிரகப்பிரவேசப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பினாரே உங்கள் மைத்துனர், அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை, ஒரு வாய்க் காப்பி குடிப்பதில்லை என்று அன்றைக்கே அறிவித்தீர்கள் அல்லவா? விசாரித்துப் பார்த்தேன். அவருக்கு விஷயமே தெரியாது. மாப்பிள்ளைக்கு ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். தெரிந்திருப்பது ஒருவருக்குத்தான்: மூன்று தீபாவளியாக அண்ணன் வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவிக்கு.