மகளிர் ஆண்டில் சங்கம் சாதித்தது

உலகில் எத்தனையோ சங்கங்கள் தோன்றி, ஏதாவது செய்யப்போய்க் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு மறைந்திருக்கின்றன. செங்கல்பட்டுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவியர் சங்கம் மட்டும் அந்தத் தவறைச் செய்ததே கிடையாது. அது ஆண்டுக்கொரு முறை மகாபலிபுரம் சவுக்குத் தோப்பில் கூடும், 'வாழ்க்கை விவரம்' பகிர்ந்துகொள்ளும், புளியோதரை சாப்பிடும், கலையும். மனித குலத்துக்கு இதைவிடத் தீங்கில்லாத தொண்டு இருக்க முடியாது.

'வாழ்க்கை விவரம்' என்றால் என்னவென்று தெரியாத பாமரர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து நின்று, போன கூட்டத்துக்குப் பிறகு தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கை என்பது கணவரின் உத்தியோகம். அவருக்குப் பதவி உயர்ந்தால் இவள் உயர்ந்தாள். அவருக்கு மாற்றல் வந்தால் இவள் வாழ்க்கையில் திருப்பம் வந்தது. சவுக்கு மரம் தரும் அற்ப நிழலையும் சங்கம் இந்த முறைப்படியே பங்கிட்டது. பொதுப்பணித்துறை இன்ஜினீயரின் மனைவி சாரதாம்பாள், அதாவது சங்கத் தலைவி, நல்ல நிழலில் உட்கார்ந்திருப்பாள். துணைத் தாசில்தாரின் மனைவி வசுமதி, அதாவது செயலாளர், அதையடுத்த நிழலில். ரயில்வே கார்டு ஏசுதாஸின் மனைவி சாராளுக்கு மரம் ஆடும்போது மட்டும் நிழல் விழும். ஆணிக்கடை அமானுல்லாவின் மனைவி உம்மு சல்மாவுக்கு வெயில் ஒதுக்கப்பட்டிருந்தது.

சல்மாவுக்கு அதில் வருத்தமில்லை. பெரியமனுஷியானதும் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளைச் சங்கம் சேர்த்துக்கொண்டதே பெரிது. கணக்கில் எக்ஸ் என்று ஏதோ ஒன்று வருமாம். அது ஒன்பதாம் வகுப்புச் சமாசாரம். அந்த எக்ஸ் என்பது ஆளா, எண்ணா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

ஆனால் எழுபத்தைந்தாம் வருஷத்து மே மாதக் கூட்டத்துக்கு அவள் ஒரு காரியத்தோடு வந்திருந்தாள். மகள் ஜஹனாரா எட்டாவது பாஸ் செய்துவிட்டாள்.

"ஒம்போதாவது போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா அவ," என்று கணவரிடம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேரு?"

அமானுல்லா கெட்டவர் அல்ல, வியாபாரி. பக்கத்துக் கடையில் விற்காத சரக்கைத் தன் கடையில் வாங்கிப் போடமாட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சங்கம் சங்கம்னு போறியே, அங்க பெரிய வூட்டு அம்மாங்க கீறாங்க இல்ல? அவங்கள்ல ஒருத்தராவது தம் பொண்ண அந்தப் பள்ளிக்கூடத்துல வுட்டுகினு கீறாங்களா, கேட்டுகினு வா. ஒருத்தர் போதும். நானே கூட்டிகினு போயி சேத்துடறேன்."

சல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தரா? 'வீடுதோறும் பெண் கல்வி' என்று போன வருஷம் தீர்மானம் போட்ட சங்கம் அது. அவளும்தான் கை வலிக்கத் தட்டினாள். ஒரு வகுப்பையே கூட்டிவந்து காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

சர்வதேச மகளிர் ஆண்டு என்பதால் அன்று புளியோதரையோடு கேசரியும் இருந்தது. வாழ்க்கை விவரம் தொடங்கியது. நேரம் முடிந்தால் வசுமதி எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவாள்.

"எங்களுக்கு ஜீப் குடுத்திருக்காங்க," என்றாள் சாரதாம்பாள். கைதட்டல்.

"எங்களை மதுராந்தகத்துக்குத் தூக்கியடிக்கப் பார்த்தாங்க. நாங்க மேல பேசி நிறுத்திட்டோம்," என்றாள் வசுமதி. பலத்த கைதட்டல்.

"எங்க வண்டி இப்ப விழுப்புரம் வரைக்கும் போவுது," என்றாள் சாராள். தான் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பதை அவள் சொல்லவில்லை. அது வாழ்க்கை விவரத்தில் சேராது.

கடைசியில் சல்மா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க கடை அப்பிடியேதான் கீது. எனக்கு ஒண்ணு தெரியணும். நம்ம பொண்ணுங்கள்ல யாரு யாரு நம்ம ஸ்கூல்ல படிக்குதுங்க? ஒரு பேரு சொன்னாக்கூடப் போதும்."

கேசரி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

தலைவிதான் முதலில் சமாளித்தாள். "எம் பொண்ணு மெட்ராஸ்ல கான்வென்ட்டுல இருக்கா. இங்க சேத்தா இவருக்கு கௌரவமா இருக்குமா, சொல்லு?"

"எம் பொண்ணுக்கு வரன் வந்துகினு கீது," என்றாள் செயலாளர். "பையன் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலு. பொண்ணு அதுக்கு மேல படிச்சுட்டா நாளைக்கு மரியாத குடுப்பாளா? எட்டாவதோட நிறுத்திட்டோம்."

சல்மா நம்பிக்கையோடு சாராள் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க?"

"நான் தாம்பரத்துல இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டேன். ரயில் பாஸ் கீது இல்ல? இங்க கணக்கு சரியா சொல்லித் தர்றதில்ல."

"இங்க கணக்கு சொல்லித் தர்றது நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெரியாதா?"

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கடலைப் பார்த்தார்கள். வசுமதி டம்ளரில் தட்டினாள். உறுப்பினரின் கேள்வி வாழ்க்கை விவரம் ஆகாது என்று கூறி நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்தபடியாக, 'பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோரை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்ற தீர்மானத்தை வசுமதி முன்மொழிய, சாராள் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது. தலைவி நன்றி கூறினாள்.

திரும்பும் பஸ்ஸில் சல்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் இவர்களுக்கா கைதட்டினோம் என்று தன் மேலேயே கோபம். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இன்னா, கேட்டியா?" என்றார் அமானுல்லா. "யாராச்சும் கீறாங்களா?"

அடுப்படி வாசலில் ஜஹனாரா நின்றிருந்தாள். கழுவிய தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சல்மா செருப்பைக் கழற்றினாள். இடுப்பில் கைவைத்து, தொண்டையைக் கனைத்து, சங்கத் தலைவியே வெட்கப்படும் தோரணையில் நிமிர்ந்து நின்றாள்.

"யாராச்சுமா? எல்லாருமே அங்கதான் வுட்டுகினு கீறாங்க."

"இன்ஜினீயரு பொண்ணு கூடவா?"

"ஒம்போதாவது. நம்ம ஜஹனாராவுக்குப் பக்கத்துல எடம் புடிச்சு வெக்கறேன்னு சொல்லிச்சாம்."

"தாசில்தாரு பொண்ணு?"

"ஜோரா கீது. எத்தினி வரன் வந்தாலும் படிப்புதான்னு அவங்கம்மா ஒரே முடிவா கீறாங்க."

"டீச்சரம்மா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! சொந்தப் பொண்ண வேற எங்க வுடுவாங்க?"

அமானுல்லாவின் முகம் தெளிந்தது. "பெரிய மனுசிங்களே செய்யறாங்கன்னா நமக்கு இன்னா வந்துச்சு? சேத்துடலாம்." ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து அவரே மகளைக் கூட்டிப்போனார். வாசல் தாண்டி ஆண்களை உள்ளே விடாத ஒழுக்கமான பள்ளிக்கூடம் அது. அதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

மறுவருஷக் கூட்டத்தில், ஜஹனாரா தன் வகுப்பில் இருப்பதாகச் சாராள் சொன்னதை வைத்துச் செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தாள்: "மகளிர் ஆண்டில் சங்க உறுப்பினர்கள் காட்டிய முன்மாதிரியால் மாணவி ஒருத்தி பள்ளியில் தொடர்ந்து படித்து வருகிறாள் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." தோப்பே அதிரும்படி கைதட்டினார்கள். சல்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அறிக்கையில் ஓரெழுத்துக்கூடத் தப்பில்லை. அந்த அம்மாள்களைப் பார்த்துத்தான் அமானுல்லா மகளைச் சேர்த்தார். அவர்கள் செய்தது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தால், அவரும் அதையேதான் செய்திருப்பார்.