பூசினாற்போல் இருக்கிறாய், உனக்கென்ன?

படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறவர்களை டாக்டர்கள் என்கிறோம். படிக்காமல், யாரும் கேட்காமல், நம் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறவர்கள் தனி இனம். அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் நலம் விசாரிப்பவர்.

கல்கத்தாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்த நம்மவர் நாலு குடும்பம் சேர்ந்த இடத்தில் இவர் ஒருவர் முளைத்துவிடுவார். பாலிகஞ்சில் எங்களுக்கு வாய்த்தவர் வெங்கடசுப்ரமணியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, குடையை மூலையில் சாய்த்து, நாற்காலியில் சாய்ந்து, நம்மை நாக்கை நீட்டச் சொல்லாமலே நோயைக் கண்டுபிடித்து, சுக்குக் கஷாயம் சொல்லி, அதில் தம் மாமியார் பிழைத்த கதையையும் சொல்லி, இரண்டாவது காபிக்கு உள்ளே குரல் கொடுத்த பிறகுதான் நம்மைப் பேசவிடுவார். எல்லா நோய்க்கும் அவரிடம் காரணம் ஒன்றுதான். சோம்பல்!

என் பக்கத்து வீட்டு மஹாதேவனின் மனைவி பாகீரதி அவரிடம் அகப்பட்டாள். சித்திரை வெயிலில் ஊரே விசிறியும் கையுமாக இருக்க, அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். முகம் ஊதியது, குரல் கம்மியது, தலைமயிர் கொட்டியது. அரிசி களைய உட்கார்ந்தவள் அங்கேயே தூங்கிப்போனாள். நம்மவர் என்ன சொன்னார்?

"நன்னாப் பூசினாப்ல இருக்கே, உனக்கென்ன? விடியக்காலம் எழுந்து சுக்குக் கஷாயம் குடிச்சுட்டுப் பெரிசாக் கோலம் போடு, சரியாப் போயிடும்."

போட்டாள். பாதிக் கோலத்தில் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறாள் என்று தெருவே பேசியது அவளுக்கு நோயைவிட வலித்தது. எனக்கு அவர் குடையை ஒடித்துப் போடலாம் போல் இருந்தது.

கடைசியில் மஹாதேவன் ஒரு வங்காளி டாக்டரிடம் அவளை அழைத்துப் போனார். தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி சோர்ந்துவிட்டது, ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர் பாபு. மாத்திரை எதில் செய்தது? ஆட்டின் தொண்டைச் சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்தது. வெங்காயம்கூட நுழையாத வீடு அது! மஹாதேவனுக்கு வியர்த்தது. பாகீரதிக்கு வியர்க்கவில்லை, வியர்வை நின்று மாதக்கணக்காகிவிட்டது.

"மொதல்ல நான் எழுந்து நடக்கணும். பாவத்தை அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றாள்.

ஆனால் விஷயம் வெங்கடசுப்ரமணியன் காதுக்கு எட்டினால் நம் ஜனங்கள் யாரும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஆகவே மாத்திரை சுக்கு டப்பாவுக்குள் குடியேறியது. கேட்டவர்களிடம் மாமா சொன்ன கஷாயம்தான் சாப்பிடுகிறாள் என்று சொல்லப்பட்டது. (இதை இங்கே எழுதிவிட்டேனே என்று பயப்பட வேண்டாம். நம்மவர் பேசுவாரே ஒழிய எதையும் படிப்பதில்லை.)

சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. கம்பளி பரணுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகீரதியே விடுவிடுவென்று நடந்து வந்து காபி டம்ளரை வைத்தாள். நம்மவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடியம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே? உடம்பு சரியில்லையா? கஷாயத்தை ரெண்டு வேளையா ஆக்கு."

"ஆகட்டும் மாமா" என்றாள் அவள், டப்பா இருந்த பக்கம் திரும்பாமல்.

போகட்டும். இவ்வளவையும் படித்துக்கொண்டு வரும்போது, 'அந்தப் பெண் தினமும் கொஞ்சம் காலாற நடந்திருந்தால் மாத்திரையே வேண்டியிருக்காதே' என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப்பக்கம் வராதீர்கள். அந்த நாற்காலியில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.