மெதுவாக மிதித்த அம்மாவும் என் ஜாவாவும்

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டவனிடம் வாயைக் கொடுத்தாலும் கொடுக்கலாம், பொறுப்பை மட்டும் கொடுக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு, வென்றவர்களை வரிசைப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரம் இருந்தது அப்பாவின் அலுவலகக் குடியிருப்பு. இரண்டாயிரத்தின் தொடக்கம். செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்துப் போய் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்தேன். (படித்ததைவிடச் சொல்லிக்கொண்டதே அதிகம்.) அந்த வாரம்தான் ஒப்பிடும் மெத்தட் என்ற குட்டி நிரலை நடத்தினார்கள். இரண்டு பேரைக் கொடுத்தால் யார் முன்னால், யார் பின்னால் என்று அது சொல்ல வேண்டும். அதை மட்டும் நாம் எழுதிவிட்டால், எத்தனை பேர் இருந்தாலும் ஜாவாவே வரிசைப்படுத்திவிடும். குறைந்த நேரம் எடுத்தவர் முன்னால் என்று எழுதினேன்.

ஓட்டப்பந்தயங்களில் முடிவுகள் பிசிறில்லாமல் வந்தன. மைக் பிடித்த முனுசாமி மாமா, "கம்ப்யூட்டர் சொல்லிட்சி, அப்பீலே கெடையாது!" என்று முழங்கினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்தது பெண்களுக்கான ஸ்லோ சைக்கிள். காலை ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. பரிசு, பிரஷர் குக்கர். அம்மா அதற்காகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நத்தையாக ஊர்ந்து பழகியிருந்தாள். (எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதை விட்டுப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்த காலம்.)

நான் பந்தலுக்குள் திரையைப் பார்த்தபடி, வந்த நேரங்களைத் தட்டிக் காகிதத்தை நீட்டினேன்.

"முதல் பரிசு, ஸ்டெல்லா!"

கோவளத்து ஸ்டெல்லா அக்கா மேடைக்கு ஓடினார். "அண்ணாத்த, இன்னா சொல்றீங்க? பிரேக்கு புடிக்காம நானே கத்திகினு வந்தேன். எனக்கு இன்னாத்துக்கு குக்கரு?"

"கம்ப்யூட்டரே சொல்லுதும்மா, வாங்கிக்க!"

சிறப்பு விருந்தினர் குக்கரை அவர் கையில் திணித்துவிட்டார்.

அம்மா பந்தலுக்குள் வந்தாள். "நான் எத்தனாவதுடா?"

"கடைசிம்மா. பரவால்ல வுடு, அடுத்த வருஷம் கொஞ்சம் வேகமா ஓட்டு."

அம்மா பார்த்த பார்வையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அவசர அவசரமாக மெத்தடைத் தலைகீழாக மாற்றினேன். அம்மா முதலிடத்துக்கு வந்தாள். எல்லாப் போட்டி முடிவுகளும் இருந்த திருத்திய காகிதத்தை முனுசாமி மாமா பிடுங்கிக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசிக்கத் தொடங்கினார். ஓட்டப்பந்தயங்களுக்கும் அதே மெத்தட்தான் என்பதை மறந்துவிட்டேன்.

"அதிகாரிகள் நூறு மீட்டர், முதலிடம்..." என்று அவர் சொன்னது அப்பாவின் மேலதிகாரியின் பெயரை! பாதி வழியில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்து சேர்ந்தவர் அவர். துளியும் கூச்சப்படாமல் மேடையேறிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. எல்லாரையும்விட அப்பாதான் பலமாகக் கை தட்டினார்.

அன்று சாயங்காலமே ஸ்டெல்லா அக்கா குக்கரோடு வந்துவிட்டார். "இந்தாக்கா, இது உன்னுது. புள்ளைய திட்டாத, படிக்கிற புள்ள." அம்மா குக்கரை மட்டும் வாங்கிக்கொண்டாள், அந்த வேண்டுகோளை வாங்கிக்கொள்ளவில்லை.

சில வருடங்கள் கழித்துப் பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் வேலையில எப்படி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"கெட்டிக்காரன்தாங்க," என்றாள் அம்மா. "ஆனா யாரு மொதல்ல, யாரு கடைசின்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுடாதீங்க."

முழுக் கதையும் கேட்ட பெண், காபித் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள்தான் என் மனைவி. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில், யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது என்று பேச்செடுத்தால், முதல் வேலையாக என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.