வருக வருக நில்

தாய்மாமன் பலவேசம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பந்தலுக்குள் வைத்திருந்த பெரிய டீவியில், சுற்றிலும் ரோஜா இதழ்கள் உதிர, அவரை வரவேற்கும் எழுத்துகள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன.

"வருக! வருக! நில்!"

நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டார். தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பிறகு அவரும் டீவியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஏந் தம்பி," என்று பெண்ணின் அப்பா சுருளிராஜன் கார்த்திக்ராஜின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார், "எம் மச்சானப் பாத்து நில்லுங்கறீகளே, இது அடுக்குமா?"

"அண்ணே, நான் சொல்லலண்ணே. சர்வர் தப்பா அனுப்பிருச்சு."

"பந்தியே இன்னும் போடல. அதுக்குள்ள சர்வர் எங்கனருந்து வந்தான்?"

கார்த்திக்ராஜுக்குப் பழனிசெட்டிபட்டியில் கடை. வெப்சைட், விசிட்டிங் கார்டு, பிளக்ஸ் எல்லாம் செய்து கொடுப்பான். இதுவரை அவன் செய்த பக்கங்கள் எல்லாம் நோட்டீஸ் மாதிரி. யார் பார்த்தாலும் ஒரே எழுத்துதான் தெரியும். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிராஜன், தன் ஒரே மகள் ஓவியாவின் நிச்சயதார்த்தத்துக்கு "புதுசா என்னமாச்சும் பண்ணுங்க தம்பி" என்று சொன்னதும் அவனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

லுவா என்று ஒரு குட்டிக் கணினி மொழி உண்டு. பக்கத்தின் எழுத்துகளுக்கு நடுவிலேயே அதில் நாலு வரி செருகி வைத்துவிடலாம். யாராவது பக்கத்தைக் கேட்டால் சர்வர் அந்த வரிகளை ஓட்டிப் பார்த்து, கேட்ட ஆளுக்குத் தக்கபடி பக்கத்தை எழுதி அனுப்பும். கார்த்திக்ராஜ் விருந்தாளிகளுக்கும் விசேஷ வேலைக்கு வந்தவர்களுக்கும் தனித்தனி லிங்க் அனுப்பியிருந்தான். வாசலுக்கு வந்து போனில் அதைத் தொட்டால் போதும்; அவரவர் பேரும் முறையும் போனிலும் பந்தல் டீவியிலும் வந்துவிடும்.

பேர்களை வரிசையாகக் கொடுத்தபோது, முதல் மரியாதை தாய்மாமனுக்கு என்பதால் பலவேசத்தை முதலில் வைத்தான். அங்கேதான் வினை. அவன் பழகிய மற்ற மொழிகள் பூச்சியத்திலிருந்து எண்ணும். லுவா நம்மைப்போல ஒன்றிலிருந்து எண்ணும். பழக்கதோஷத்தில் பலவேசத்துக்குப் பூச்சியம் என்று எழுதிவிட்டான். பூச்சியத்தில் யாரையும் காணோம் என்றதும் லுவா 'nil' என்று கொடுத்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தம். பேர்களை இங்கிலீஷில் அடித்திருந்ததால், தமிழில் மாற்றிப்போடவும் பக்கத்துக்குள் ஏற்பாடு செய்திருந்தான். அது தன் கடமையைச் செய்து 'நில்' என்று போட்டுவிட்டது.

பலவேசமும் நின்றுவிட்டார்.

வாட்டசாட்டமான ஆள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். வாசல் தூணில் முதுகைக் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றார். இரண்டு பக்கமும் வாழை மரம். நடுவில் அவர் மூன்றாவது மரம்போல இருந்தார்.

"உள்ள வாங்க மச்சான்."

"வர முடியாது."

"கோவமா மச்சான்?"

"கோவமெல்லாம் இல்ல. என்னால வர முடியாது. அம்புட்டுத்தேன்."

சுருளிராஜன் கார்த்திக்ராஜிடம் ஓடினார். கோபம் என்று சொன்னால் சமாதானம் செய்யலாம். கோபம் இல்லை என்று சொல்லும் மச்சானை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"தம்பி, மாப்ள வீட்டுக்காரக போடியிலருந்து கெளம்பிட்டாக. தாய்மாமன் மால போடாம எம் மக மணையில உக்கார முடியாது. எப்பிடியாச்சும் எழுத்த மாத்துங்க."

சமையல்காரர் கவிழ்த்து வைத்திருந்த அண்டாதான் மேசை. அதன்மேல் லேப்டாப்பை வைத்துக் கார்த்திக்ராஜ் வேகவேகமாகப் பலவேசத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினான். பதற்றத்தில் இரண்டு இடத்தில் கூட்டிவிட்டதால் எண் இரண்டாகிவிட்டது.

"அய்யா, இன்னொருக்கா தொடுங்க," என்று வாசலைப் பார்த்துக் கத்தினான்.

பலவேசம் உடம்பை அசைக்காமல் கட்டை விரலை மட்டும் நீட்டிப் போனைத் தொட்டார்.

"வருக! வருக! சந்தனம்மாள் அத்தை!"

சந்தனம்மாள் பலவேசத்தின் சம்சாரம்; வரிசையில் இரண்டாவது பேர். சீர்த்தட்டுகளோடு முன்னாடியே வந்து, உள்ளே பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பந்தலில் எழுந்த சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, அத்தை நான் இங்கன இருக்கேன். வாசல்ல நிக்கிற அத்தை யாரு?"

பலவேசத்தின் மீசை துடித்தது. "சந்தனம், நீ கொஞ்சம் இங்கன வா. தனியா ஒரு விசயம்."

"நான் வரமாட்டேன். பஞ்சாயத்துன்னா ஆம்பளைக பேசிக்கங்க. எனக்குச் சடை அவுந்துரும்," என்று அந்த அம்மாள் பெண்ணின் சடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வாசலுக்கு நகர்ந்தார்கள்.

"இவுக எதுக்கு இங்கன வாராக? உள்ள போகச் சொல்லு மாப்ள," என்று பலவேசம் சுருளிராஜனிடம் சொன்னார்.

சுருளிராஜன் கார்த்திக்ராஜின் காதைக் கடித்தார். "பாத்தீகளா? மனுசர் மூஞ்சியவே பாக்கப் பிடிக்காமப் போச்சு அவுகளுக்கு. பேரு மட்டும் போட்டாப் பத்தாது தம்பி. 'மாமாக்களில் மூத்தவர், எங்கள் குலவிளக்கு'ன்னு சேத்துப் போடுங்க."

கார்த்திக்ராஜ் கணக்கைச் சரிசெய்தான். கையோடு 'எங்கள் குலவிளக்கு, தாய்மாமா பலவேசம்' என்று தனியாக ஒரு வரியும் செருகினான். அந்த வரிக்கு முன்னால் 'லோக்கல்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். லுவாவில் அதை எழுதாமல் விட்டால், உள்ளே வைத்தது ஊர்ச்சொத்து ஆகிவிடும்.

ஆகிவிட்டது.

லிங்கைத் தொட்ட பூக்காரம்மாவுக்கு 'எங்கள் குலவிளக்கு, தாய்மாமா பலவேசம்' என்று வந்தது. தவில்காரருக்கும் அதேதான். ஓவியாவின் தோழிகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி தொட்டுப் பார்த்து, வரிசையாகத் தாய்மாமா ஆனார்கள். சுருளிராஜனின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா சின்னச்சாமி.

"சம்மந்தி, கம்பம் தாண்டிட்டோம். சும்மா லிங்க்கத் தொட்டோம். எம் பையன் உங்க மகளுக்குத் தாய்மாமன்னு வருது."

"அது ஒண்ணுமில்ல சம்மந்தி, மிசின் கோளாறு..."

"எனக்கும் வருது. டிரைவருக்கும் வருது. வேன் பூராம் தாய்மாமனா இருக்கோம். நாங்க பொண்ணு கேட்டு வாரமா, சீர் கொண்டாரமா? அதச் சொல்லிருங்க."

சுருளிராஜன் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அறைக்குள்ளிருந்து ஓவியா எட்டிப் பார்த்து, "அப்பா, இன்னைக்கு நடக்குமா, நடக்காதா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் மை கலங்கியிருந்ததைக் கார்த்திக்ராஜ் பார்த்தான். இது விளையாட்டுக் காரியமில்லை. தன்னுடைய நாலு வரியால் ஒரு பெண்ணின் நிச்சயம் நின்றுவிடும்போல இருந்தது.

"அண்ணே, இந்த ஊர்ல பெரியவுக வந்து கூப்புட்டா இறங்கி வருவாகளா?"

"வரலாம். நாலு பெரிய மனுசர் சொன்னாத் தட்ட மாட்டாக."

மூத்த உறவுக்காரர்களுக்கு மட்டும் சேதி போகும்படி இன்னும் ஒரு துண்டு எழுதினான். 'தாய்மாமா வாசலில் காத்திருக்கிறார். உடனே வந்து மரியாதையாக அழைக்கவும்.' பொத்தானை அழுத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இப்போதைக்குக் கணக்குப்படி எல்லாருமே தாய்மாமா. எல்லாருமே மூத்த உறவு.

சேதி ஒருவர் விடாமல் போய்விட்டது.

முதலில் தெருக்காரர்கள் வந்தார்கள். பிறகு திராட்சைத் தோட்டங்களில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் தோளில் டப்பாவோடு வந்தார்கள். விசேஷத்துக்கு வர முடியாது, உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தவர்கள்கூட நன்றாக நடந்தே வந்தார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். மேளக்காரர்கள் தங்களுக்கும் சேதி வந்திருப்பதாகச் சொல்லி வாசலுக்கே வந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேனும் வந்து நின்றது. சின்னச்சாமி இறங்கியதும் என்ன ஏதென்று கேட்காமல், கைகூப்பி வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"அய்யா, கோவத்த விட்டு உள்ள வாங்க!" என்று கூட்டம் ஒரே குரலில் கேட்டது.

பலவேசத்துக்கு வியர்த்து ஊற்றியது. "நான்தேன் சொல்றேன்ல, எனக்குக் கோவமே இல்ல! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பந்தலுக்குப் போங்க. கடைசியா நான் வாரேன்."

"அதெப்பிடி? தாய்மாமன் முன்னாடி போகாம நாங்க போறதா?" என்றார் சின்னச்சாமி. "நீங்க முன்ன நடங்க. நாங்க எல்லாரும் பின்னால வாரோம்."

"பின்னாலயா!" என்று பலவேசம் அலறினார். "ஒருத்தரும் எனக்குப் பின்னால வரக் கூடாது!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இவ்வளவு வைராக்கியத்தை அந்த ஊர் பார்த்ததில்லை.

கார்த்திக்ராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காலில் விழுந்தான்.

"அய்யா, எல்லாம் என் தப்புதேன். பூச்சியத்துலருந்து எண்ணிப்புட்டேன். ஒண்ணுலருந்து எண்ணிருக்கணும்."

பலவேசம் குனியாமலே அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. ஏதோ ஒரு கெஞ்சல் இருந்ததுபோலப் பட்டது.

"தம்பி, நீ எதுலருந்து வேணும்னாலும் எண்ணிக்க. எனக்கு என்ன வந்துச்சு? நீ எனக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சா, இந்தக் கூட்டத்தக் கலைச்சு விடு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"கேட்டீகளா?" என்றார் சுருளிராஜன் அழாத குறையாக. "விசேசத்தவே கலைக்கச் சொல்றாக! இனி பேசிப் பிரயோசனமில்ல. ஏலே, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. மச்சானத் தூக்கிட்டே போயிருவோம்!"

நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

பலவேசம் கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தொட்டீக, என் மானம் போயிரும்! சொல்லிப்புட்டேன்!"

தூக்க வந்தவர்கள் பயந்து பின்வாங்கினார்கள்.

கார்த்திக்ராஜ் அண்டாவுக்கு ஓடினான். இனிமேல் சாமர்த்தியம் வேண்டாம். செருகிய வரிகள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான். பூச்சியம் வேண்டாம், ஒன்று வேண்டாம், லுவாவே வேண்டாம். பழைய நோட்டீஸ் மாதிரி, யார் பார்த்தாலும் மாறாத ஒரே ஒரு வரியைத் தன் கையால் தமிழிலேயே அடித்தான். டீவி ஒரு தரம் இருண்டு, மறுபடி மின்னியது.

"தாய்மாமா பலவேசம் வருக வருக!"

ஒரு எழுத்துப் பிழை இல்லை. கூட்டம் கை தட்டியது. பெண்கள் குலவை இட்டார்கள். தவில்காரர் கச்சேரி முடிவில் வாசிக்கும் தீர்மானத்தையே வாசித்துவிட்டார். கார்த்திக்ராஜ் வெற்றியோடு வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

பலவேசம் டீவியைப் படித்தார். அவர் கண்களில் மளுக்கென்று தண்ணீர் வந்தது. ஆனால் தூணைவிட்டு அசையவில்லை.

"இன்னும் என்ன மச்சான் வேணும்?" என்று சுருளிராஜன் இரண்டு கையையும் விரித்தார்.

அந்த நேரத்தில் கையில் டீ கிளாஸோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் மாரிசெல்வம். அந்தப் பக்கத்துச் சுவர்களில் எல்லாம் விளம்பரம் எழுதுகிற பெயிண்டர் அவர். பலவேசத்தையும் தூணையும் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ அய்யா, வெடியக்காலம் வந்து எழுப்பி, வீட்டுக்காரகளே எழுதுனமாதிரி இருக்கட்டும்னு இந்தத் தூணுல 'தாய்மாமா பலவேசம் வருக வருக'ன்னு நீங்க எழுதச் சொன்னது இன்னும் காயவே இல்லையே, அதுலயா போயி சாஞ்சீக?"