பெட்டி பதினேழுக்கு ஒரு சம்மதக் கடிதம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. ஓர் அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்கு ஊரே பதில் போட்டதாக இதில் வருகிறது. முதல் சந்தேகம் அதுதான். சொன்னவர் ஹார்லன் ஸ்காக்ஸ். எங்கள் ஹாலோவே கல்லூரி நூலகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்தவர். பொய் சொல்லும் அளவுக்குக் கற்பனை இல்லாதவர்.

ஒடெஸா ப்ரூயிட் அம்மையார் இறந்தபோது நாற்பத்தொரு பெட்டிக் காகிதங்களை நூலகத்துக்கு விட்டுப்போயிருந்தார். வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு கறுப்பர்களின் வீட்டு வாசலில் சிலுவை கொளுத்திய வெள்ளையர் சங்கத்தாரைப் பற்றி முப்பது வருடம் சேர்த்த குறிப்புகள். முக்காடு முகத்தைத்தான் மறைக்கும். ஒடெஸாவின் அப்பாவோ ஊரிலேயே ஷூ தைக்கும் ஒரே ஆள். யாருடைய குதிகால் எந்தப் பக்கம் தேயும், யார் எப்போது அடித்தோல் மாற்றினார் என்பதெல்லாம் மகளுக்கு மனப்பாடம். ஊர்வலங்களில் ஓரமாக நின்று, கால்களை மட்டும் பார்த்து, பெயர்களை எழுதிக்கொண்டே போனார்.

அட்டவணை போட்டு ஒரு மாதத்தில் திறந்துவிடலாம் என்று ஹார்லன் எண்ணினார். நூலக இயக்குநர் டாக்டர் மெரடித் லாங்ஹார்ன் அப்படி எண்ணவில்லை. அட்லாண்டாவில் மூன்று நாள் பயிலரங்கு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காப்பகம் என்பது காயங்களை ஆற்றும் இடம் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே 'இனவெறி வன்முறை' என்ற தலைப்பு 'சமூக உறவுகளின் சிக்கலான தருணங்கள்' ஆனது. பழுப்புப் பெட்டிகள் போய், மனதுக்கு இதமான இளஊதாப் பெட்டிகள் வந்தன.

அடுத்தது மரியாதை. ஒருவருடைய அப்பாவைப் பற்றி வாய் திறக்கும் முன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பது அலபாமாவில் எங்கள் பக்கத்துப் பழக்கம். இயக்குநர் அதை விதியாக்கினார். காகிதங்களில் பெயர் வரும் ஒவ்வொருவருக்கும், அவர் காலமாகியிருந்தால் மூத்த வாரிசுக்கு மட்டும், சம்மதம் கேட்டுக் கடிதம். அறுபது நாளில் கையெழுத்து வராவிட்டால் அந்தப் பெட்டிக்கு எழுபத்தைந்து வருடம் சீல்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் போயின. ஒருவர், தாம் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்றும், அந்த ஷூ ஜோடியை அந்த வருடமே மைத்துனருக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதினார். மைத்துனர் பெயர் புதிது. அவருக்கும் கடிதம் போனது. தாம் சும்மா வேடிக்கை பார்த்ததற்கு, கூடவே ஊர்வலம் போன ஏழு பேரின் பெயரை அவர் சாட்சியாகக் கொடுத்தார். ஒரு விதவை, தம் கணவரை வெறும் உறுப்பினர் என்று குறித்திருப்பது தவறு, அவர் செயலாளர் என்று திருத்தம் கோரி, புகைப்படமும் இணைத்திருந்தார். வந்த பதில்களும் ஆவணங்களே என்று இயக்குநர் தீர்மானித்ததால் நாற்பத்தொரு பெட்டி ஐம்பத்தெட்டானது. ஒடெஸா முப்பது வருடம் தேடியும் கிடைக்காததெல்லாம் இரண்டே மாதத்தில் தபால்தலை ஒட்டி வந்து சேர்ந்தது.

ஒரு பதில்தான் வரவில்லை. அது பெட்டி பதினேழுக்கு உரியது. 1965இல் லூஷியஸ் கெய்ன்ஸ் என்ற மரப்பட்டறைத் தொழிலாளியை நான்கு பேர் அடித்துக் கொன்ற விவரம் அதில் இருந்தது. ஒளிந்திருந்து பார்த்த ஒருவர் நான்கு ஜோடி ஷூக்களுக்கு அடையாளம் சொல்லியிருந்தார். மூன்று குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. நான்காவது ஷூக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மூத்த வாரிசு ஹார்லன் ஸ்காக்ஸ்.

சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அப்பாவின் அந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டவரும் அவர்தான்.

விதி விதிதான். காப்பாளர் ஹார்லன், வாரிசு ஹார்லனுக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். வாரிசு மறுநாள் வாசலில் நின்று வாங்கி, சமையலறை மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தார். மனைவி கேட்டதற்கு ஆபீஸ் விஷயம் என்றார். அது பொய்யும் இல்லை. பதில் வராததால் காப்பாளர் நினைவூட்டினார். வாரிசு உடல்நிலையைக் காரணம் காட்டி அவகாசம் கேட்டார். காப்பாளர் அதைப் பரிவுடன் பரிசீலித்து முப்பது நாள் வழங்கினார். கோப்பைப் பார்த்த இயக்குநர், நடைமுறை முன்மாதிரியானது என்று பாராட்டுக் குறிப்பு எழுதினார்.

லூஷியஸின் தங்கை வெல்மாவுக்கு எழுபத்தாறு வயது. செவ்வாய்தோறும் நூலகத்துக்கு வந்து, பெட்டி திறந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார். அவகாசத்தின் கடைசிச் செவ்வாய்க்கும் வந்தார்.

“இன்னும் யார் வீட்லேர்ந்து வரணும், மிஸ்டர் ஹார்லன்?”

“நல்ல குடும்பம்தான், மிஸ் வெல்மா. கொஞ்சம் வேலையா இருக்காங்க.”

“உங்கப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அவருக்கு அப்படி என்ன வேலை?”

ஹார்லன் பேனாவைத் திறந்தார், மூடினார்.

“பேரு எங்க தெருவுக்கு அன்னிக்கே தெரியும். நான் அதுக்கு வரல. ஆஸ்பத்திரியில அண்ணன் கடைசியா என்ன சொன்னான்னு ஒடெஸா நர்ஸைக் கேட்டு எழுதி வச்சிருக்கா. அதைப் படிக்கணும். எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தா, என்னை எங்க வந்து கூப்பிடுவீங்க?”

அன்று மதியமே வாரிசு சம்மதம் தந்தார்; காப்பாளர் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். வெல்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். ஒரே ஒரு வரியைத் தாளில் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தை இன்றுவரை தான் படிக்கவில்லை என்கிறார் ஹார்லன்.

ஒவ்வொரு கோடையிலும் தேவாலயத்து மீன் விருந்தில் இதை அவர் சொல்வார். நாங்கள் இயக்குநரையும் இளஊதாப் பெட்டிகளையும் நினைத்துச் சிரிப்போம். மைத்துனர் வரும் இடத்தில் அதிகம் சிரிப்பவன் நான்தான். எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லி முதலில் எழுந்து போவதும் நான்தான். என் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நான் இளையவன். போன கோடையில் மற்றவர்கள் கிளம்பும்வரை இருந்தேன். ஹார்லன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

“ஹார்லன், எங்க அண்ணனுக்கும் ஒரு கடிதம் போச்சா?”